பேப்பருக்குள்ள இருந்து விழுந்த மூணு பிட் நோட்டீஸ்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

பெரம்பூர்ல இருந்து எழுதறேன். போன ஞாயித்துக்கிழமை காலைல உங்க பேப்பர பிரிச்சதும் உள்ள இருந்து மூணு பிட் நோட்டீஸ் விழுந்துச்சு, மூணுமே ஸ்பா மசாஜ் கடை நோட்டீஸ். நீங்க அடிச்சதுன்னு சொல்ல வரல சார், விடியக்காலைல ஏஜென்ட் பசங்க பிளாட்பாரத்துல உக்காந்து சொருவறதுதான் அது, நானும் ஒரு தடவ ஆயிரம் நோட்டீஸ் அப்டி சொருவ குடுத்தவதான். எங்க வீட்டுக்காரர் அதுல ஒண்ண எடுத்து பஜ்ஜி எண்ணெய ஒத்தப் பாத்தாரு, வழவழ பேப்பரு, அதுக்குக்கூட ஆவல. நான் மூணையும் பத்திரமா எடுத்து வெச்சு ரெண்டு நாளா படிச்சிட்டு இருக்கேன், ஏன்னா இது என் தொழில்.

என்னப் பத்தி சொல்லிடறேன். பன்னெண்டு வருசம் நுங்கம்பாக்கம் பக்கம் ஒரு பெரிய கடைல தெரபிஸ்டா இருந்தேன், அப்புறம் 2022 தை மாசம் பெரம்பூர்ல ஒரு மெடிக்கல் ஷாப் மாடில ரெண்டு பெட்டு போட்டு சொந்தமா ஆரம்பிச்சேன், லேடீஸ்க்கு மட்டும், நானும் இன்னொரு பொண்ணும்தான். அந்த மூணு நோட்டீஸ்ல இருக்கற தப்புல பாதிக்கு மேல நானே காசு குடுத்து பண்ணிருக்கேன், அதனால யாரையும் கிண்டல் பண்றதுக்கு எழுதல, வயித்தெரிச்சல்ல எழுதறேன்.

மொத நோட்டீஸ்ல ஒரு வெள்ளக்காரப் பொண்ணு குப்புறப் படுத்துருக்கு, முதுகுல கருப்புக் கல்லு வரிசையா நாலு, காதுல ஒரு பூ, பக்கத்துல மெழுகுவத்தி. எந்தக் கடை நோட்டீஸ எடுத்தாலும் இதே பொண்ணுதான் சார். கொளத்தூர்லயும் இதே பொண்ணு, மூலக்கடைலயும் இதே பொண்ணு, திருவொற்றியூர் தேரடி பக்கத்துலயும் இதே பொண்ணு, பாவம் எத்தன கடைலதான் படுக்கும். நெட்ல ஓசில கெடைக்கற படம். 50% ஆஃபர்னு பெருசா போட்டுருக்கு, எதுல பாதின்னு போடல. ஃபோன் நம்பர் இருக்கு, தெரு பேர் இல்ல, 'பஸ் ஸ்டாண்ட் அருகில்' அவ்ளோதான். யாரு கை வெப்பாங்க, ஆம்பளையா பொம்பளையா, கடை எப்டி இருக்கும், கெடையாது.

எங்க ஏரியால ஒரு பொம்பள மசாஜுக்கு வர்றதுக்கு முன்னாடி என்ன கேப்பான்னு இந்த நோட்டீஸ் அடிக்கறவங்க யாராவது ஒரு நாள் ஃபோன் எடுத்து கேட்டுருந்தா தெரிஞ்சிருக்கும். குரல தாழ்த்திதான் பேசுவாங்க, பின்னாடி மிக்ஸி ஓடும், இல்ல கொழந்த அழுவும். யாருங்க பண்ணுவீங்க, ஜென்ட்ஸ் யாரும் உள்ள வர மாட்டாங்கல்ல, கதவுக்கு உள்பக்கம் தாப்பா இருக்கா, கேமரா கீமரா எதுவும் இல்லல்ல, துணி எவ்ளோ எடுக்கணும், கடைசியா மொத்தம் எவ்ளோ ஆவும். இதுதான் சார் கேள்வி. வெல கடைசிலதான் வரும், பயம்தான் முன்னாடி வரும். பயத்துக்கு பதில் சொல்லாம வெலைல பாதி கொறச்சிட்டேன்னு கத்தறதுதான் எங்க தொழில்ல எல்லாரும் பண்ற மொத தப்பு, பெரிய தப்பு, மத்ததெல்லாம் இதுலருந்து வர்றதுதான்.

கேமரா பயம் சும்மா இல்ல. 2021 டிசம்பர்ல ஐகோர்ட்டுல ஒரு நீதிபதி ஸ்பா, மசாஜ் சென்டர் எல்லாத்துலயும் சிசிடிவி வெக்கணும்னு சொன்னாரு, அடுத்த மாசமே, 2022 ஜனவரில, மதுரைக் கிளைல இன்னொரு நீதிபதி, இந்த மாதிரி எடத்துக்குள்ள கேமரா வெக்கறது அரசியல் சட்டம் 21வது பிரிவு குடுக்கற அந்தரங்க உரிமைக்கு விரோதம்னு சொல்லிட்டாரு. நான் கடை தெறந்தது அதே மாசம்தான், வர்ற லேடீஸ் பாதிப் பேர் சீலிங்க பாத்துக்கிட்டேதான் உள்ள வருவாங்க. 'மாடிப்படியில் மட்டும் கேமரா, உள்ளே கிடையாது, நீங்களே சுத்திப் பாக்கலாம்'னு ஒரு அட்டைல எழுதி ஒட்டினேன், பத்து ரூவா அட்டை. எனக்கு அதவிட வேல செஞ்ச விளம்பரம் இன்னிக்கி வரைக்கும் இல்ல.

ஆனா அது பின்னாடி வந்த புத்தி. மொதல்ல நான் பண்ண கூத்த கேளுங்க. கடை தெறந்த ரெண்டாவது வாரம் ஒரு தம்பி வந்தான், டிஜிட்டல் மார்க்கெட்டிங்னு சொன்னான், 6,000 ரூவா குடுங்கக்கா இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் ரெண்டுலயும் போட்டு விடறேன், ஃபோனு அடிச்சுக்கிட்டே இருக்கும்னான். பொய் சொல்லல, அடிச்சுக்கிட்டேதான் இருந்துச்சு. மொத நாள் ராத்திரி 11.40, நான் அப்பதான் சாப்ட உக்காந்தேன், ரசம் சாதம், எங்க வீட்டுக்காரர் எதிர்ல உக்காந்து முருங்கக்கா கடிச்சிட்டு இருக்காரு, ஃபோன் அடிக்குது, கை எச்சின்னு ஸ்பீக்கர்ல போட்டுட்டேன். 'மேடம், ஃபுல் சர்வீஸ் எவ்ளோ, புது ஸ்டாஃப் இருக்காங்களா'ன்னு ஒரு குரலு. சின்ன வயசுப் பையன் குரல்தான், என் பையன் வயசு கூட இருக்கலாம். வீட்டுக்காரர் முருங்கக்காவ தட்டுல வெச்சிட்டு என்னயே பாக்கறாரு. நான் ஃபோன வெச்சிட்டு அந்தத் தம்பி என்னதான் போட்டுருக்கான்னு தெறந்து பாத்தா, அதே வெள்ளக்காரப் பொண்ணு, அதே கருப்புக் கல்லு, கீழ 'பிரைவேட் ரூம், ஃபுல் பாடி, டோட்டல் ரிலாக்ஸ், லேட் நைட் கூட'ன்னு போட்டுருக்கான். லேட் நைட்டு யாருடா கேட்டா? நான் ஏழு மணிக்கு ஷட்டர் எறக்கறவ.

அவன் கெட்டவன் இல்ல சார், அடுத்த கடை விளம்பரத்த பாத்து அப்டியே காப்பி அடிச்சிருக்கான். ஆனா எங்க தொழில்ல சில வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் ஆயிடுச்சு. 'புது ஸ்டாஃப்', 'பிரைவேட்', 'கிராஸ்' (ஆம்பளைக்கு பொம்பள பண்றது), 'இளமையான', 'ஸ்பெஷல்', இதெல்லாம் தப்பான எண்ணத்துல தேடறவனுக்கு ஒரு சிக்னலு. நேர்மையா தொழில் பண்றவங்களும் தெரியாம அதையே போட்டு, வர வேண்டியவங்கள வெரட்டிட்டு வரக் கூடாதவங்கள கூப்பிடறாங்க. மறுநாள் எல்லாத்தையும் அழிச்சேன். என் படத்தையே போட்டேன், வெள்ள காட்டன் கோட்டு போட்டு, பொட்டு வெச்சு, ரெண்டு கையும் தெரியற மாதிரி. பெண்களுக்கு மட்டும், காலை 10 முதல் மாலை 7, மெடிக்கல் ஷாப் மாடி, அவ்ளோதான் எழுதினேன். ஒரு நாளைக்கு அம்பது ஃபோன் வந்தது நாலா கொறஞ்சிடுச்சு, அந்தத் தம்பி பதறிட்டான், அக்கா ரீச் போச்சுக்கான்னு. நாலுல மூணு பேர் வந்தாங்கடான்னேன்.

இந்த எடத்துல உங்ககிட்டயும் ஒண்ணு சொல்லணும், கோச்சுக்காதீங்க. எங்கயாவது போலீஸ் ரெய்டு நடந்தா எல்லா பேப்பர்லயும் 'மசாஜ் சென்டர் என்ற பெயரில்'னு தலைப்பு வரும், பக்கத்துல அதே கருப்புக் கல்லு படம். தப்பு பண்றவன போடுங்க, நல்லா போடுங்க, ஆனா அந்தப் படம் வேணாம் சார். அது வந்த வாரம் எனக்கு ரெண்டு கஸ்டமர் 'வீட்ல வேணாம்னு சொல்றாங்கக்கா'ன்னு மெசேஜ் பண்ணுவாங்க. நோட்டீஸ்லயும் அதே படம், ரெய்டு செய்திலயும் அதே படம்னா பாக்கறவங்க எத நம்புவாங்க.

ரெண்டாவது நோட்டீஸ் இன்னும் மோசம். சர்க்கரை, பிபி, மூட்டு வாதம், பக்கவாதம், குழந்தையின்மை, அத்தனைக்கும் மூலிகை எண்ணெய் மசாஜ், 10 நாள்ல 10 கிலோ எடை கொறயும், பக்க விளைவு இல்லைன்னு போட்டுருக்கு. 1954லயே சட்டம் இருக்குங்க, மருந்து மற்றும் மாய நிவாரண விளம்பரச் சட்டம்னு, இந்தந்த நோய்க்கு குணமாக்கறேன்னு விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு ஒரு பட்டியலே அதுல இருக்கு, சர்க்கரை, ரத்த அழுத்தம், பக்கவாதம், வாதம், உடல் பருமன் எல்லாம் அதுக்குள்ள. நோட்டீஸ் அடிச்சவர் அந்தப் பட்டியல பாத்து எழுதினாரோன்னு கூட தோணுச்சு, ஒண்ணு விடல.

சட்டத்த விடுங்க, தொழில் தெரிஞ்சவ சொல்றேன். ரொம்ப நாளா சர்க்கரை இருக்கறவங்களுக்கு பாதத்துல உணர்ச்சி கொறஞ்சிருக்கும், சூடு தெரியாது. அவங்க கால்ல சூடான கல்ல வெச்சா கொப்பளம் போட்ட அப்புறம்தான் தெரியும், அந்தப் புண்ணு ஆற எத்தன மாசம் ஆவும்னு வீட்ல சர்க்கரை இருக்கறவங்களுக்கு தெரியும். கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலிச்சா உள்ள ரத்தம் கட்டிருக்கலாம், அத அமுக்கவே கூடாது, ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். இந்த மாதிரி ஆளுங்களத்தான் அந்த நோட்டீஸ் வா வான்னு கூப்புடுது. போன வருசம் வியாசர்பாடில இருந்து ஒரு அம்மா வந்தாங்க, எடது கெண்டக்கால் மட்டும் கல்லு மாதிரி வீங்கி சூடா இருந்துச்சு, நான் தொட மாட்டேன் இன்னிக்கே டாக்டர பாருங்கன்னு அனுப்பிட்டேன். அன்னிக்கி எனக்கு 900 ரூவா போச்சு. அந்த அம்மா டாக்டர பாத்துட்டு வந்து பொண்ணு, மருமவ, பக்கத்து வீட்டுக்காரம்மா, மொத்தம் அஞ்சு பேர அனுப்பி வெச்சாங்க. 'அவ வேணாம்னா வேணாம்னு சொல்லுவா'ன்னு சொல்லி அனுப்பிருக்காங்க.

மூணாவது நோட்டீஸ் மெம்பர்ஷிப்பு. 9,999 கட்டினா 12 மசாஜு, கூட ஒரு ஃபேஷியல் ஃப்ரீ, கீழ எறும்பு சைஸ்ல ஒரு நட்சத்திரம் போட்டு 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது'. அந்த நட்சத்திரத்துக்கும் இப்ப விதி இருக்கு, 2022 ஜூன்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் போட்டது, மேல பெருசா சொன்னத கீழ சின்ன எழுத்துல மாத்தக் கூடாது, சரக்கு இல்லாம ஆச மட்டும் காட்டி இழுக்கக் கூடாது, தப்பான விளம்பரத்துக்கு மொத தடவைக்கே 10 லட்சம் வரைக்கும் அபராதம். ஏமாந்தவங்க 1915க்கு அடிச்சு புகார் சொல்லலாம். என் கஸ்டமர் ஒருத்தங்க இந்த மாதிரி ஒரு கடைல கட்டிட்டு மூணாவது தடவ போறாங்க, ஷட்டர்ல 'வாடகைக்கு விடப்படும்'. கடைக்காரர் திருடன்னு நான் நெனைக்கல. முன்பணத்த வாங்கி வாடகை, கரண்டு பில்லுன்னு கட்டிட்டாரு, அப்புறம் மூணு மாசம் ஓசில வேல செய்யற மாதிரி ஆயிடும், கல்லால காசு இல்ல, கூட வேல பாக்கற பொண்ணுங்களுக்கு சம்பளம் இல்ல, அதுங்க போயிடும். எங்க ஆளுங்க நெறைய பேர் மூடினது இப்டித்தான்.

இந்த பாதி வெல சமாச்சாரத்த கொஞ்சம் விலாவாரியா சொல்றேன், ஏன்னா கணக்கு யாரும் போடறதில்ல. பிரியாணி கடைல வெல கொறச்சா கூட்டம் வரும், அண்டாவ பெருசாக்கிக்கலாம். எங்களுக்கு கை ரெண்டுதான். ஒரு மணி நேரம் ஒழுங்கா அமுக்கி பிடிச்சு விடறவங்களால ஒரு நாளைக்கு நாலு, மிஞ்சிப் போனா அஞ்சு பேருக்குத்தான் பண்ண முடியும், அதுக்கு மேல போனா கட்டவெரல் போயிடும், எனக்கே வலது கட்டவெரல் மழ வந்தா வலிக்குது. ஒரு ஆளுக்கு ரெண்டு பெட்ஷீட்டு, மூணு டவலு, எண்ணெ வேற, அந்த டவல்ல இருந்து எண்ணெ வாட போறதுக்கு சுடுதண்ணில ரெண்டு தடவ தொவைக்கணும், பெரம்பூர்ல மாடிக்கு தண்ணி ஏர்றதே பெருசு. இதுல 900 ரூவா வேலய 450க்கு குடுத்தா என்ன ஆவும்? வேல செய்யற பொண்ணு ஒரு மணி நேரத்த நாப்பது நிமிஷத்துல முடிக்கும், பாவம் அதுக்கும் கை வலிக்கும்ல. படுத்துருக்கறவங்க கண்ண மூடிருந்தாலும் செவுத்துக் கடியாரத்த பாத்துட்டுத்தான் படுப்பாங்க சார், நம்ம ஜனங்கள ஏமாத்த முடியாது. அடுத்த தடவ வேற கடைல ஆஃபர் வந்தா அங்க போயிடுவாங்க, நீங்களே பழக்கிவிட்டதுதான.

அதவிட கொடும, ஆஃபர ஞாயித்துக்கிழமைல போடறது. ஞாயித்துக்கிழம எப்பவும் கூட்டம்தான், செவ்வா பொதன் ஈ ஓட்டிட்டு உக்காந்துருப்போம், கொறைக்கறதுன்னா அன்னிக்கி கொறைங்களேன். அந்த மூணுல ஒரு நோட்டீஸ் காசிமேடு பக்கம் கடை, 'சண்டே ஸ்பெஷல் ஃபார் லேடீஸ்'. காசிமேட்டுல ஞாயித்துக்கிழம எந்த லேடிக்குங்க நேரம் இருக்கு? ஊரே மீன் வாங்க வர்ற நாளு, ராத்திரி ரெண்டு மணிக்கு ஏலத்துக்கு போயி மத்யானம் வரைக்கும் மீன் கூடை பக்கத்துல குந்தினு இருக்கறவங்க. அவங்களுக்கு திங்கக்கிழமதான் ஓய்வு, இடுப்பு நோவு தெரியறதும் அன்னிக்கித்தான். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அந்த நேரத்துல போட்டுல போறவங்க வீட்ல கைல காசு பொழங்காது, அப்ப பார்த்து 'சம்மர் பேக்கேஜ்'னு மூவாயிரம் ரூவா பலகை வெக்கறாங்க. கடைக்கு எதிர்ல இருக்கற தெருவ ஒரு வாரம் பாத்தா தெரிஞ்சிக்கற விஷயம் இது.

வெல பத்தி இன்னொண்ணு. நோட்டீஸ்ல 999, உள்ள போனா எண்ணெக்கு தனி, தலைக்கு தனி, குளிக்க தனி, அப்புறம் ஜிஎஸ்டி, வெளிய வரும்போது ஆயிரத்து அறுநூறு. வர்றவங்க சண்ட போட மாட்டாங்க, ஈர தலையோட நின்னுக்கிட்டு யாரு சண்ட போடுவா, பேசாம குடுத்துட்டு போயி தெருவுல சொல்லுவாங்க. ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22ல இருந்து சலூன், ஸ்பாக்கெல்லாம் 18% இருந்தது 5% ஆயிடுச்சு. எங்கள மாதிரி வருசத்துக்கு 20 லட்சத்துக்கு கீழ வியாபாரம் பண்ற சின்ன கடை ஜிஎஸ்டி பதிவே பண்ணத் தேவையில்ல, பதிவு நம்பர் இல்லாதவங்க ஜிஎஸ்டின்னு பில்லுல போட்டு வாங்கவும் கூடாது. எல்லாம் சேத்து மொத்தம் இவ்ளோன்னு ஒரே நம்பர் எழுதி வைங்கன்னு எத்தன பேர்கிட்ட சொல்லிருப்பேன், 'அப்டி போட்டா பெருசா தெரியும்க்கா'ங்கறாங்க. கடைசில தெரியறதவிட மொதல்லயே தெரிஞ்சிடட்டுமே.

மெனு கார்டு இன்னொரு காமெடி. ஸ்வீடிஷ், பாலினீஸ், டீப் டிஷ்யூ, அரோமா, லோமி லோமி. நானே பெரிய கடைல இருந்து வந்த பந்தால அதே மாதிரி இங்கிலீஷ்ல ஒரு கார்டு அடிச்சு வெச்சிருந்தேன். மீன் விக்கற ஒரு அக்கா வந்தாங்க, அத கைல வாங்கி தலகீழா புடிச்சு பாத்துட்டு, 'இன்னாம்மா இது ஸ்வீடிசு, சுவீட்டு கடையா, எனக்கு முட்டி நோவுது, அதுக்கு இன்னா கீது சொல்லு'ன்னாங்க. அன்னிக்கே அத கிழிச்சேன். இப்ப செவுத்துல தமிழ்ல எழுதிருக்கேன்: கழுத்துப் பிடிப்பு, தோள்பட்ட, இடுப்பு, முட்டி, குதிகால், தல, முழு ஒடம்பு, பக்கத்துல நிமிஷம், பக்கத்துல ரூவா. ஸ்வீடிஷ்னு சொல்றதுக்கும் ஸ்வீடன்க்கும் பெருசா சம்பந்தம் இல்லங்கறது தனிக்கத, அத ஒழுங்கு பண்ணி வெச்சவரு மெஸ்கர்னு ஒரு ஹாலந்துக்காரர்னு எங்க ட்ரெய்னிங்ல சொன்னாங்க. ஸ்பாங்கறதே பெல்ஜியத்துல ஒரு ஊர் பேரு, தாதுத் தண்ணி ஊத்துக்கு பேர் போன ஊரு. எங்க ஆளுங்க பாதிப் பேர் ஸ்பால தண்ணி லாரி வந்தாத்தான் கை கழுவ முடியும்.

நம்மகிட்ட சித்த வைத்தியத்துல தொக்கணம்னு ஒரு மசாஜ் மொற இருக்கு, தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல், இன்னும் சிலதுன்னு மொத்தம் ஒன்பது வகை சொல்றாங்க. தாய்லாந்துக்காரங்க அவங்க ஊர் மசாஜ 2019ல யுனெஸ்கோ பட்டியல்ல ஏத்திட்டாங்க, நாம தொக்கணம்ங்கற வார்த்தைய ஒரு போர்டுல எழுத வெக்கப்படறோம். அதுக்காக ஒண்ணும் கத்துக்காம 'சித்தர் வர்ம மசாஜ்'னு போர்டு மாட்றதும் சரியில்ல, அதுவும் எங்க ஏரியால ஆரம்பிச்சிடுச்சு, வர்மம் வெளையாட்டு இல்ல. போர்டு எழுதும்போது தமிழ் முன்னாடி பெருசா இருக்கணும், இங்கிலீஷ் அதுக்கப்புறம்னு கடைகள் விதில 5க்கு 3ன்னு அளவே இருக்கு. எங்க தெருவுல நாலு ஸ்பா இருக்கு, ஒண்ணுலதான் தமிழ் போர்டு, மீதி மூணு பேருக்கும் அந்தத் தெருவுல யாரு நடந்து போறாங்கன்னே தெரியல.

செல்ஃபோன் பக்கம் நடக்கற தப்பு கொஞ்சம் சொல்லிட்டு முடிச்சிக்கறேன். அந்த 6,000 ரூவா விளம்பரம் இருக்குல்ல, அது சுத்துவட்டாரம் 25 கிலோமீட்டருக்கு போட்டுருந்துச்சாம், தாம்பரத்துல இருந்து ஒருத்தங்க 'பிரைஸ் ப்ளீஸ்'னு கேக்கறாங்க, தல மசாஜ் பண்ணிக்க தாம்பரத்துல இருந்து பெரம்பூருக்கு யாராவது வருவாங்களா, திரும்பிப் போறதுக்குள்ள தல மறுபடி வலிக்கும். அப்புறம் மூணு கிலோமீட்டர்னு மாத்த சொன்னேன், ஓட்டேரி, அயனாவரம், வியாசர்பாடி, போதும். கூகுள் மேப்ல என் கடை ஆறு மாசம் அடுத்த தெருவுல ஒரு கோழிக்கடைய காட்டிக்கிட்டு இருந்துச்சு, ரெண்டு லேடீஸ் அங்க போயி 'மாடி எங்க இருக்கு'ன்னு கேட்டு அவரு பயந்துட்டாரு. ரிவ்யூ வேற. ஒரே நாள்ல அம்பது ரிவ்யூ, எல்லாம் அஞ்சு ஸ்டாரு, எல்லாம் 'நைஸ் ஆம்பியன்ஸ்', போட்டவங்க பேர் பாத்தா ஒருத்தரும் கொருக்குப்பேட்டைக்கு வந்துருக்கவே மாட்டாங்க. காசு குடுத்து வாங்கினது பாக்கறவங்களுக்கு தெரியாதுன்னு நெனைக்கறாங்க. ஒரு ரிவ்யூல 'டவல் ஈரமா இருந்துச்சு, மத்தபடி அக்கா நல்லா பண்ணாங்க'ன்னு மூணு ஸ்டார் வந்தா, அதுக்கு 'மன்னிச்சிக்கங்க, ட்ரையர் வாங்கிட்டேன்'னு பதில் போட்டா, அத படிச்சிட்டு வர்றவங்க அதிகம். எனக்கு அப்டித்தான் நடந்துச்சு. ட்ரையர் இஎம்ஐ இன்னும் ஓடுது.

ஆனா நான் பண்ண தப்புல பெரிய தப்பு 6,000 ரூவா இல்ல. ஒரு நாள் ஒரு பொண்ணுக்கு கால் மசாஜ் பண்ணிட்டு, எண்ணெ பளபளன்னு இருக்கு, கொலுசு, மெட்டி, பாக்க அழகா இருக்கேன்னு ஒரு ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போட்டுட்டேன். மூஞ்சி இல்ல, வெறும் பாதம்தான, என்ன ஆயிடும்னு நெனச்சேன். அந்தக் கொலுசு அவங்க கல்யாணத்துக்கு நாத்தனார் எடுத்துக் குடுத்ததாம், மூணு முத்து ஒரு பக்கம் உதிர்ந்துருக்கும், அந்த நாத்தனார் என் கஸ்டமரு, ஸ்டேட்டஸ் பாத்துட்டு அப்பவே ஃபோன் போட்டுருக்காங்க. அந்தப் பொண்ணு வீட்ல பேங்க்குக்கு போறேன்னு சொல்லிட்டு வந்துருக்கு சார். தப்பா ஒண்ணும் இல்ல, ஒரு மணி நேரம் நிம்மதியா படுக்கலாம்னு வந்துருக்கு, அவ்ளோதான், அதுக்குக்கூட பொய் சொல்லிட்டு வர்ற வீடு. அப்புறம் அது வரவே இல்ல. ஒரு நாள் பெரம்பூர் மார்க்கெட்ல எதிர்ல வந்துச்சு, கீரக்கட்ட கைல வெச்சிக்கிட்டு தலய குனிஞ்சிட்டு போயிடுச்சு. கால பாத்தேன், கொலுசு இல்ல.

எங்க ஆயா காசிமேட்டுல புள்ள பெத்தவங்களுக்கும் பச்சக் கொழந்தைக்கும் எண்ணெ தேச்சு விடறவங்க. போர்டு இல்ல, நோட்டீஸ் இல்ல. எந்த வீட்டுக்கு போயிட்டு வந்தேன், யாரு ஒடம்பு எப்டி இருக்குன்னு ஒரு வார்த்த வெளிய வராது. நாங்க பசங்க கேட்டா 'உனுக்கு இன்னாத்துக்கு'ன்னு முடிச்சிரும். அது தெரிஞ்சும் நான் ஸ்டேட்டஸ் போட்டேன் பாருங்க.

ஆசிரியர் சார், அடுத்த மாசம் நானும் மறுபடி ஒரு பிட் நோட்டீஸ் அடிக்கலாம்னு இருக்கேன், ஐநூறு மட்டும், ஓட்டேரி, அயனாவரம் பக்கத்துக்கு. படம் வேணாம்னு பிரஸ்காரர்கிட்ட சொல்லிட்டேன், அவரு 'படம் இல்லாம எப்டிம்மா, ஒரு பூவாவது போடறேன்'னு நிக்கறாரு. எழுதினத கீழ குடுத்துருக்கேன், உங்க ஆஃபீஸ்ல பிழை திருத்தறவங்க யாராவது ஒரு தடவ பாத்து தப்பு இருந்தா சொன்னா போதும். கடை பேரு, நம்பர் இதுல எழுதல, எழுதினா கடிதம் விளம்பரம் ஆயிடும்.

'பெண்களுக்கு மட்டும். பண்ணிவிடுபவர்களும் பெண்கள்தான், இரண்டு பேர். காலை 10 முதல் மாலை 7 வரை, ஞாயிறு மதியம் வரை. மெடிக்கல் ஷாப் மாடி, 14 படி, கைப்பிடி உண்டு. உள்ளே கேமரா கிடையாது, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டு. இடுப்பு 30 நிமிஷம் 450, முழு உடம்பு ஒரு மணி நேரம் 900, வேறு எதுவும் வாங்குவதில்லை. செவ்வாய், புதன் 100 ரூபாய் குறைவு. சர்க்கரை, ஆபரேஷன், கர்ப்பம் இருந்தால் முதலில் சொல்லவும், சிலருக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்புவோம். யாரையும் போட்டோ எடுப்பதில்லை.'

இப்படிக்கு,
பேர் போட வேணாம்னு கேட்டுக்கற வாசகி,
பெரம்பூர், சென்னை 11